மூன்றாம் சதுரத்தின் ஈரம்

ஜூன் 4
இந்த வீட்டில் எது நடந்தாலும் சந்தேகம் என் மேல்தான். எரிந்துபோன பைன் காடு தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது அம்மாவின் வேலை. சரிவில் கயிறு கட்டிய சதுரங்கள்; உள்ளே யாரும் நடவும் கூடாது, நீர் ஊற்றவும் கூடாது. மழை பொய்த்ததில் எல்லாச் சதுரத்திலும் கன்றுகள் கருகுகின்றன. மூன்றாவதில் மட்டும் பச்சைப் பசேல்!

"ஏய் வாலு, உன் வேலையாடி?"

"முளைச்சு மூணு இலை விடாததுங்ககிட்ட நான் ஏன்மா வம்புக்குப் போறேன்?"

அம்மா சிரிக்கவில்லை. கோடை முடியும்போது போதுமான கன்று பிழைத்திருக்காவிட்டால் வனத்துறையினர் சரிவை உழுது வேறு மரம் நட்டுவிடுவார்கள். "காடே எழுந்துக்கும், விடுங்க" என்று அவர்கள் கூட்டத்தில் அடித்துச் சொன்னவள் அம்மா ஒருத்திதான்.

ஜூன் 9
நான் இல்லை. பிறகு யார்? அம்மாவின் உதவியாளன் நெட்டைக்கொக்கா? இன்று என்னைப் பார்த்துச் சிரித்தான். சும்மா சிரிப்பானா?

ஜூன் 10
சதுரத்தைச் சுற்றி மைதா தூவிவிட்டு வந்தேன். மிதிக்கட்டும்.

ஜூன் 11
பள்ளி பஸ்ஸில் ஏறினேன். பிரேக் மிதியில் வெள்ளை வெள்ளையாக மாவு. பஸ் ஓட்டுவது — அப்பா.
தண்ணி காட்டுவதை இவ்வளவு அப்பட்டமாக யாரும் செய்ததில்லை.

ஜூன் 12
கேட்டேவிட்டேன்.

"அம்மா தோத்துட்டா தாங்க மாட்டாடி. பஸ் எடுத்துட்டுப் போற வழியில நாலு கேன் தண்ணிதானே?"

"ஏமாத்துப்பா அது."

"இதை நீ சொல்றியா!"

அம்மாகிட்ட சொல்லவா? சொன்னா ரெண்டு பேரும் உடைஞ்சிடுவாங்க. சொல்லலைன்னா — நானும் கூட்டாளியா?

ஜூலை 2
இந்த ஊரில் ஜூலையில்தான் கோடை விடுமுறை. பஸ் நின்றது. தண்ணீரும்.

ஜூலை 21
மூன்றாம் சதுரம் மொத்தமும் காலி. செத்த கன்று ஒன்றை அம்மா பிடுங்கினாள். வேர் விரல் நீளம்கூட இல்லை. பக்கத்துச் சதுரத்தில், விழுந்துகிடந்த கரிமரத்தின் நிழலில், சோனிக் கன்றுகள் சில உயிரோடு நின்றன. அவற்றுக்கு யாரும் எதுவும் ஊற்றவில்லை.

"தண்ணி மேலயே கிடைச்சா வேர் எதுக்குக் கீழ போகும்? யாரோ ஊத்தியிருக்காங்க."

என்னைத்தான் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளை விடு. நான்தான்."

ஜூலை 24
வீட்டில் பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான் கேட்கிறார்கள்.

அக்டோபர் 6
மூன்றாம் சதுரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அம்மாவே கூட்டத்தில் சொல்லிவிட்டாள். இன்று இயந்திரம் வந்து கீழ்ச்சரிவை உழுதது. கரிமரங்கள் கிடக்கும் மேல்சரிவுக்கு ஒரு வருடம் தவணை.

அங்கே போக அப்பாவையும் கூப்பிட்டாள். அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி, காரில் வைத்துப் பூட்டிய பிறகு.