கயிறு பிடிக்க ஓர் ஆள்

பிப்ரவரி 6, வெள்ளி.

அந்தமானில் ஸ்கூபா முங்குவதற்கு நான் இடம் கேட்டிருந்த கடையிலிருந்து படிவம் வந்தது. மருத்துவர் நுரையீரலைப் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டார். வாடகை உடைக்கும் கால்துடுப்புக்கும் நானே நாடா வைத்து அளவெடுத்து அனுப்பினேன். இப்போது, எழுபது தாண்டியவர் என்றால் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட வேண்டுமாம். நான் என்ன மைனரா?

மகன் சேவியரிடம் நீட்டினேன். "இந்த வயசுல இது என்ன கிறுக்கும்மா? பேசாம செபமாலை சொல்லிட்டு இருங்க" என்றான். அவனுக்கு எழுதப் பழக்கியவளே நான். அந்தக் கையெழுத்தை எனக்கே மறுக்கிறான்.

என் கணவர் கடலில் முங்கிச் சங்கு குளித்த நாட்களில், அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் படகில் இருந்து பிடித்தவன் என் தம்பி. மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அக்காள் தாலியறுக்க அவன் விடமாட்டான். கைம்பெண் முங்கினால் யார் பிடிப்பது என்று எவரும் யோசிக்கவில்லை.

சாயங்காலம் என் கணவரின் தங்கை பிலோமினாவிடம் போனேன். நாங்கள் சண்டை போடாத கிறிஸ்துமஸ் கிடையாது. படிவத்தை முழுக்க வாசித்தாள்.

"நீங்க முங்கி வராமப் போனா எனக்கென்ன நட்டம், மதினி?"

"ஏளா, சண்டை போட உனக்கு வேற ஆளு இருக்கா?"

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "நானும் வாரேன். படகுல இருந்து பாத்துக்கிடுதேன்" என்றாள்.

இவளை யார் அழைத்தது? குறட்டை வேறு விடுவாள். காலையில் கடைக்காரனிடம் படகில் இன்னோர் இடம் கேட்க வேண்டும். ஸ்கூபாவுக்குத்தான் கயிறே கிடையாதே, படகில் இந்த அம்மாவுக்கு என்ன வேலை என்பான். சொல்லிக்கொள்ளட்டும்.