சாம்பலுக்கான பாடம்

பிப்ரவரி 3

அன்புத் தங்கை பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

இரண்டு வருடமாகக் கடிதம் இல்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எழுத ஒன்றும் இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. உன் குதிரை சாம்பல் யாரையும் கிட்டே விடமாட்டேன் என்கிறாள். தலைக்கயிறோடு போனால் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறாள். இன்னும் கிட்டப் போனால் சுவரில் முட்டிக்கொள்கிறாள். எல்லாக் குதிரைக்கும் கொடுக்கிற மருந்தைத்தான் இவளுக்கும் கொடுத்தேன். கட்டிப் போட்டேன், பட்டினி போட்டேன், சாட்டையோடு வட்டம் ஓட்டினேன். தரையில் விழுந்து எழுந்திருக்கவே மறுக்கிறாள். "இதுவும் உங்க தங்கச்சி மாதிரிதான், சரியான அழுத்தக்காரி" என்று உன் அண்ணி சிரிக்கிறாள்.

புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நீ. இவளைப் பழக்க வழி எழுது. பழகிவிட்டால் உனக்கே லாரி ஏற்றி அனுப்பிவிடுகிறேன். அப்பா மேல் ஆணை.

உன் அண்ணன்

பிப்ரவரி 11

என் அண்ணாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சாட்டை என்ற இடத்துக்கு வந்ததும் வாய்விட்டுத் திட்டினேன். கீழே சலவைக்கடையிலிருந்து முதலாளியம்மா, "யாரோடம்மா சண்டை?" என்று கேட்டார். "எங்க அண்ணனோட" என்றேன். அப்படிச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று!

"பொம்பளை லாயத்துல நின்னா குதிரை வாங்க வர்றவன் சிரிக்கிறான்" என்று நீ என்னை வீட்டை விட்டு அனுப்பியதை நான் மறந்துவிட்டேன். மறக்கவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். சாம்பலை அனுப்புவாய் என்றால் அதுவும் போகட்டும்.

சாம்பல் அழுத்தக்காரி இல்லை அண்ணா, பயந்தாங்கொள்ளி. நேராகப் பார்த்தாலே அடிக்க வருகிறார்கள் என்று நினைப்பாள். அதனால் கயிறு இல்லாமல் போ. லாயத்தின் நடுவில் அவளுக்கு முதுகைக் காட்டி நில். பேசாதே, திரும்பாதே, கூப்பிடாதே. முதல் நாள் வரமாட்டாள். பிறகு ஒரு நாள் தானாக வந்து உன் முதுகில் நெற்றியை வைப்பாள். அப்போதும் அசையாதே. அவள் பெருமூச்சு விட்ட பிறகு கையைப் பின்னால் நீட்டிக் கழுத்தைத் தடவு. கயிறெல்லாம் அதற்கப்புறம்தான்.

இது அவளுக்கு மட்டுமான பாடம். நம் ஆண்குதிரை துரையிடம் மறந்தும் இதைச் செய்துவிடாதே. அவன் பயந்தவன் இல்லை, ரவுடி. கண்ணோடு கண் பார்த்து நிற்கும்வரைதான் அடங்குவான். முதுகைத் திருப்பினால் ஆளைக் கீழே தள்ளி மிதிப்பான். குட்டியாக இருக்கும்போதே நான் கவனித்தேன், நீ கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு குதிரைக்கு ஆகிற பாடம் இன்னொன்றுக்கு ஆகாது. இதைத்தான் உன் மண்டையில் ஏற்ற முடியவில்லை.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

உன் பாப்பா

மார்ச் 20

அன்புள்ள பாப்பா,

நீ கெட்டிக்காரி, ஒத்துக்கொள்கிறேன். முட்டாள் மாதிரி தினமும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். உன் அண்ணி வாசலில் நின்று கேலி செய்தாள். நேற்று சாம்பல் வந்து நெற்றியை வைத்துவிட்டாள். இன்று கயிறும் மாட்டிவிட்டேன்.

ஆனால் கேட்டது ஒரு வரி, நீ எழுதுவது புராணம். சாம்பலைப் பற்றிய இடத்தை மட்டும் உன் அண்ணி கிழித்து லாயத்துச் சுவரில் ஒட்டினாள். மற்றதை நான் படிக்கக்கூட இல்லை, அடுப்புக்குப் போயிற்று. வெந்நீர் சீக்கிரம் காய்ந்தது என்றாள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. முன்பின் தெரியாத ஆள் வந்தாலும் அடம்பிடிக்காமல் லாரியில் ஏற வேண்டும். அதற்கு என்ன செய்வது? சுருக்கமாக எழுது.

உன் அண்ணன்

மார்ச் 28

என் அண்ணாவுக்கு,

சுருக்கமாகவே எழுதுகிறேன், நீ ஜெயித்தாய்! லாயத்துக்கு வருகிற புது ஆட்கள் ஒவ்வொருவரையும் அவளுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல். யாருடைய முதுகானாலும் பயமில்லை என்று அவளுக்குப் புரியட்டும். பிறகு லாரிக்காரர் அவளைத் திரும்பிப் பார்க்காமல் பலகையில் முன்னால் ஏறிப் போகட்டும். பின்னாலேயே போவாள். கயிறுகூட வேண்டாம்.

இங்கே சவாரிப் பள்ளியில் சாம்பலைக் கட்ட ஒரு கொட்டடி தருகிறார்கள். பதிலுக்கு நான் காலையில் சாணம் வார வேண்டும், அப்புறம்தான் சலவைக்கடைக்குத் துணி தேய்க்கப் போவேன். கொட்டடிச் சுவருக்கு நானே வெள்ளை அடித்துவிட்டேன். வைக்கோலும் பரப்பியாயிற்று. தினமும் போய் வெறும் கொட்டடியைப் பார்த்துவிட்டு வருகிறேன். சிரிக்காதே.

லாரி எந்த நாள் கிளம்பும் என்று மட்டும் எழுது.

உன் பாப்பா

ஏப்ரல் 19

அன்புள்ள பாப்பா,

லாரி போன வாரமே கிளம்பிவிட்டது. உன் ஊருக்கு இல்லை, செங்கல் சூளைக்கு. சூளைக்காரருக்குக் கயிறு இல்லாமல் ஏறுகிற சாதுவான குதிரை வேண்டுமாம். நல்ல விலை. அவர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தான், உன் சாம்பல் கல்யாணப் பெண் மாதிரி பின்னால் போய் ஏறிவிட்டாள். உன் பாடத்தை எல்லோரும் மெச்சினார்கள்.

லாரிக்காரன் நேற்று வந்து ஒரு வேடிக்கை சொன்னான். சூளையில் எல்லோரும் முதுகைக் காட்டிக் குனிந்துதானே வேலை செய்வார்கள்? இவள் பாரம் இழுக்காமல் ஒவ்வொரு முதுகாகப் போய் நெற்றியை வைக்கிறாளாம். ஒவ்வொருத்தனும் திரும்பி ஒரு அடி போடுகிறானாம். அடுத்த முதுகுக்குப் போகிறாளாம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அழாதே. உனக்கும் அதே பாடம்தான் கொடுத்தேன். இரண்டு வருடம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், நீயே வந்து நெற்றியை வைத்தாய்.

இப்போது துரையின் முறை. அவனை வாங்க ஒரு பெரிய மனிதர் வருகிறார். ஆனால் அவன் ஆட்டம் தாங்கவில்லை. தீவனம் வைத்துவிட்டுத் திரும்பிய வேலையாளைத் தோளில் கவ்வி எறிந்துவிட்டான். இனி நானேதான் பழக்க வேண்டும். வழி எழுது. எழுதினால் சூளைக்காரரிடம் சொல்லி, நீ ஒருமுறை சாம்பலைப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன். அப்பா மேல் ஆணை.

உன் அண்ணன்

ஏப்ரல் 26

என் அண்ணாவுக்கு,

கொட்டடியில் பரப்பிய வைக்கோலை வாரிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு நாள் அழுதேன். இப்போது கோபமெல்லாம் இல்லை. நீ கேட்டு நான் எதை இல்லை என்றிருக்கிறேன்?

துரைக்கும் அதே பாடம்தான். எல்லாக் குதிரைக்கும் ஒரே மருந்து என்று நீ சொல்வாயே, அதுதான் சரி. வேலையாள் பயந்துகொண்டே பாதி திரும்பியிருப்பான். அந்தச் சந்தேகம்தான் துரைக்குப் பிடிக்கவில்லை. நீ முழுதாகத் திரும்பு. ஆட்களையெல்லாம் அனுப்பிவிடு, கூட்டம் இருந்தால் கெட்டுவிடும். கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள். கையில் கம்பு வேண்டாம். பின்னால் வேகமாகக் காலடி கேட்டாலும் திரும்பிப் பார்க்காதே. நெற்றியை வைக்கத்தான் வருவான்.

நீ சொன்னபடி சுருக்கமாக எழுதிவிட்டேன். இதை முழுதாகவே சுவரில் ஒட்டிக்கொள், அண்ணா. இந்த முறை அடுப்புக்கு எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

உன் பாப்பா