டீச்சர் படித்த இரண்டு பக்கம்

என் அன்பு மகளுக்கு,

எழுத்து வகுப்பில் சேர்ந்த புதிதில் நாலு வரி எழுதவே ஒரு மணி நேரம் ஆனது. போன வாரம், உன் அப்பா இறந்த நாளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். டீச்சர் உரக்கப் படித்தார். பக்கத்தில் இருந்த தையல்காரி, "அக்கா, இப்படி அழ வச்சிட்டீங்களே!" என்று மூக்கைச் சிந்தினாள்.

கடைசி வரை அப்பா கையை நான் பிடித்திருந்ததாக அதில் எழுதியிருந்தேன். பிடித்திருந்தது நீ. நான் பயந்துபோய் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் இரண்டு தடவை வந்து, "உங்களத்தான் கேக்கிறாரு, வாங்கம்மா" என்றாள். "இதோ வரேன்" என்றேன். எழுந்திருக்கவில்லை.

வகுப்பில் எவ்வளவு முன்னேறினோம் என்று நாளைக்கு எழுதி வந்து படிக்க வேண்டுமாம். கேட்பவர்கள் நம்பும்படி பொய் எழுதும் அளவுக்கு முன்னேறியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, கண்ணு. நாளைக்கு இந்தக் கடிதத்தைத்தான் படிக்கப் போகிறேன்.

உன் அம்மா