ஆட்டைச் சுடுகிற துப்பாக்கி

மர்பி டவுன்,
பெங்களூர்.

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு மம்மி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நான் நன்றாக இருக்கிறேன், உன் டாடி சாப்பிடுகிற அளவைப் பார்த்தால் அவரும் நன்றாகத்தான் இருக்கிறார், அந்த அயர்லாந்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று ஒளிக்காமல் சொல். தினமும் போனில் பேசுகிறோமே, காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் டாடி ஸ்பீக்கரில் போடு, ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றிய பேச்சை அவரை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது. மதலைமுத்து அண்ணன் வியாழக்கிழமை மகனைப் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிற பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் இதை மடித்து வைக்கிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள், அதற்குத்தானே உன்னை நர்சிங் வரைக்கும் படிக்க வைத்தது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிடும்போதெல்லாம் கோயிலில் பாட்டுப் பிராக்டிஸில் இருக்கிறேன் என்று சொன்னேனே, நான் பாட்டுக்குப் போவதை விட்டு நாலைந்து மாதம் ஆகிறது. உன் டாடியின் பழைய செக்யூரிட்டி பேண்ட்டைப் போட்டு, இடுப்பில் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி, மேலே ஒரு குர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு ரைபிள் கிளப்பில் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருக்கிறேன். காற்றுத் துப்பாக்கிதான், பயப்படாதே. சேலையோடு காலை அகட்டி நிற்க முடியவில்லை, அதற்குத்தான் பேண்ட். குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தேன், தெருமுனையில் ஆட்டோக்காரர் எங்க போகணும் பெரியவரே என்று கேட்டார், நானும் அல்சூர் என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.

இது ஆரம்பித்தது சிவாஜிநகர் மாதா திருவிழாவில். பலூன் சுடுகிற கடையைப் பார்த்ததும் உன் டாடிக்குத் தோள் விரிந்துவிட்டது, முப்பது வருஷம் துப்பாக்கியோட கேட்ல நின்னவன்டி நான் என்று என்னை ஓரமாகத் தள்ளினார். அவர் நின்றது லத்தியோடு, அந்த லத்தியும் பாதி நாள் வீட்டில்தான் கிடந்தது, நீ அதில்தான் கிரிக்கெட் ஆடினாய். சுட்டார், சுட்டார், பலகைதான் சத்தம் போட்டது, பலூனெல்லாம் அப்படியே சிரித்துக்கொண்டு நின்றது. கொடுங்கள் பார்க்கலாம் என்று நான் வாங்கினேன். கடைசியில் கடைக்காரன், ஆண்ட்டி போதும், பசங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க என்று துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டான். வீடு வருகிறவரைக்கும் உன் டாடி அந்தத் துப்பாக்கி கோணல், கோணல் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். கோணல் துப்பாக்கியில்தானே நானும் சுட்டேன் என்றேன், உனக்கும் அதுக்கும் பொருத்தம் என்றார்.

அந்தச் சூட்டோடு போய்க் கிளப்பில் சேர்ந்துவிட்டேன். அங்கே கோவிந்தப்பா என்று மிலிட்டரியில் இருந்த ஒருவர் சொல்லித் தருகிறார், கன்னடக்காரர், கோபமே வராது, அதுதான் அவரிடம் பிடிக்காதது. மற்ற ஆட்களைப் பார்க்க வேண்டும் நீ. ஐடி ஆட்கள், ராக்கெட்டில் ஏறப் போகிறவர்கள் மாதிரி தடிக் கோட்டு, பூட்ஸ், ஒரு கண்ணுக்கு மூடி, எல்லாம் போட்டு முடிக்கவே பாதி நேரம் போய்விடும், அப்புறம் அவர்கள் சுட்ட அட்டையைப் பார்த்தால் நம் வீட்டு மாவு சல்லடை தேவலை. நானும் பெரிய புலி இல்லை. முதல் வாரம் நான் சுட்ட குண்டு பக்கத்து ஆளின் அட்டையில் போய் நடுவில் விழுந்தது, அவர் வந்த நாளாய் அதுதான் அவருக்கு முதல் பத்து மார்க்காம், எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார், நானும் வாயைத் திறக்காமல் ரெண்டு எடுத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் ஜெனி. கிளப்பில் ஒல்லியாக ஒரு துப்பாக்கி இருந்தது, அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், அடுத்த மாதத்திலிருந்து அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காம். மிச்சம் இருப்பதெல்லாம் பாரம், நான் தூக்கினால் அது என்னைத் தூக்குகிறது. தவக்காலத்துக்கு முன்னால் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள். சொந்தமா ஒண்ணு கொண்டு வாங்க, பேர் எழுதறேன், இல்லேன்னா பெஞ்சில உக்காந்து வேடிக்கை பாருங்க ஆஞ்சலம்மா என்று கோவிந்தப்பா சொல்லிவிட்டார். வேடிக்கை பார்ப்பதற்கு வீட்டிலேயே எனக்கு உன் டாடி இருக்கிறார், அதற்கு நான் அல்சூர் வரைக்கும் போக வேண்டியதில்லை. ஆனால் வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் யாரும் என்னிடம் காபி கேட்காத நேரம், அதை விட எனக்கு மனசில்லை. அந்தப் போட்டியில் கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, பேர் இருக்க வேண்டும்.

என் வயதில் துப்பாக்கி பார்ப்பதென்றால் மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி, ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறான் என்று மயங்கினால் தீர்ந்தது. துப்பாக்கியின் பின்கட்டையை முழங்கையின் மடிப்பில் வைத்தால் விரல் தானாக விசையில் போய் நிற்க வேண்டும், எட்டிப் பிடித்தால் அது நம்முடையது இல்லை. ஸ்பிரிங் வைத்த ரகத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி இழுக்க வேண்டும், பழைய அடி பம்பில் தண்ணீர் அடித்த மாதிரி, அப்புறம் அந்தத் தோளை வைத்துக்கொண்டு யார் சப்பாத்தி தேய்ப்பது. காற்றை முன்னாலேயே சிலிண்டரில் அடைத்து வைக்கிற ரகத்தில் அந்த இழவு இல்லை, சுடும்போது உதைப்பதும் இல்லை. கண் இன்னொரு தொல்லை. என் கண்ணாடியில் மேல் பாதியில் பார்த்தால் அட்டை தெரியும், துப்பாக்கி முனை தெரியாது, கீழ்ப் பாதியில் முனை தெரியும், அட்டை போய்விடும், பின்னால் சின்ன ஓட்டை வளையம் வைத்த துப்பாக்கியில்தான் ரெண்டும் சமாதானமாக வந்து நிற்கிறது. பாரத்துக்கு நான் வைத்த பரீட்சை வேறு. தூக்கிப் பிடித்து ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்ல வேண்டும், ஆமென் வருகிறவரைக்கும் முனை ஆடக் கூடாது. கோவிந்தப்பா கேட்டுவிட்டு, எங்க ஆளுங்க இதுக்கு என்ன சொல்லணும் என்றார், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், நீளமாக இருந்தால் சரி என்றேன்.

இதையெல்லாம் உன் டாடியிடம் உட்காரவைத்துச் சொன்னேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். மறுநாளே எனக்குத் தெரியாமல் கடைக்குப் போயிருக்கிறார். கன்னடத்தில் நாம் சுடுகிற குறிக்கும் குரி என்றுதான் பெயர், ஆட்டுக்கும் குரிதான். நம் எழுத்தில் எழுதினால் ரெண்டும் ஒன்று, வாயில்தான் வித்தியாசம். குரு என்று சொல்லும்போது வருகிற கு-வைப் போட்டால் குறி, குடம் என்று சொல்லும்போது வருகிற கு-வைப் போட்டால் ஆடு. உன் டாடிக்கு எல்லாமே குடம். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் தலை நரைத்த மனுஷன், ஹெண்ட்திகெ குரி ஹொடியோக்கெ கன் பேக்கு என்று கேட்டிருக்கிறார், அதாவது என் பெண்டாட்டிக்கு ஆட்டை அடிக்கத் துப்பாக்கி வேண்டும் என்று. கடைக்காரர் ஆடு எவ்வளவு பெரிசு என்று கேட்டாராம். இவர் கட்டை விரல் நகத்தைக் காட்டி இத்தனூண்டுதான் என்றாராம். எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்றாராம், பத்து மீட்டர், அசையாது, கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டிருப்போம் என்றாராம். எப்போது அடிப்பீர்கள் என்றதற்குச் சனிக்கிழமை சனிக்கிழமை சாயங்காலம் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் என்ன நினைப்பார், ஞாயிற்றுக்கிழமை மட்டன் வியாபாரம் என்று நினைத்துவிட்டார். உள்ளே போய்க் கடையிலேயே பெரிய துப்பாக்கியைக் கொண்டு வந்து கையில் கொடுத்துவிட்டார்.

அது வீட்டுக்கு வந்தது. கறுப்பாக, அலமாரிக்குள் நிற்காத நீளம், மேலே பைனாகுலர் மாதிரி ஒரு குழாய், போட்டியில் அந்தக் குழாயை வைத்துக்கொண்டு உள்ளேயே விட மாட்டார்கள். எப்படி இருக்கு என்று உன் டாடி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். தூக்கிப் பிடித்தேன். ஜெபத்தில் ஆண்டவர் உம்முடனே என்று வருவதற்குள் முனை தரையைப் பார்த்துவிட்டது. அடுத்த நாள் நானே கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அம்மா, வாயில்லா ஜீவன், துப்பாக்கியால சுட்டா போலீஸ் பிடிக்கும், கத்தியே நல்லது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, உட்கார்ந்து கேட்டேன், கேட்டபிறகு சிரித்த சிரிப்பில் எழுந்திருக்க முடியவில்லை, அவர்தான் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனுஷன், காற்று அடைக்கிற ரகத்தில் சின்னதாக ஒன்றை எடுத்துக் காட்டினார், ஓட்டை வளையமும் இருக்கிறது. பிடித்தேன், ஆமென் தாண்டி அடுத்த மரியேயும் பாதி போய்விட்டது, முனை ஆடவில்லை. பெட்டியோடு, ஒரு குண்டுகூடச் சுடாமல் கொண்டு வந்தால் மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் உன் டாடி குதிக்கிறார். நான் பார்த்து வாங்கினதை நீ போய் மாத்தறதா, மட்டன் கடைன்னு அவன் நினைச்சா அவனுக்குக் காது சரியில்ல, அடுத்த வாரம் இதை எடுத்துக்கிட்டுப் போ, சுட்டுப் பாரு, அப்புறம் பேசு என்கிறார். நான் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் அரிசி மூட்டையை வைத்திருக்கிறேன். நான் என்ன சொன்னாலும் அதற்கு எதிரில்தான் நிற்பார், உனக்குத் தெரியாததா. நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, டாடி, இங்கே எல்லாரும் சின்னத் துப்பாக்கிதான் வைத்திருக்கிறார்கள், பெரிசு எல்லாம் போன காலம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல். வெளிநாட்டில் அப்படித்தான் என்றால் அவர் தலைகீழாக நின்றுகூட டீ குடிப்பார். நான் எழுதினேன் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே, கேட்டால் மதலைமுத்து அண்ணன் சொன்னார் என்று சொல்.

நைட் டியூட்டி முடிந்து வந்து வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுத் தூங்காதே, சோறு வடித்து இந்தப் பொடியைப் போட்டு நெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிடு, அதற்குக் கால் மணி நேரம் ஆகாது. தலைக்கு எண்ணெய் வை, போன வீடியோவில் உன் முடியைப் பார்த்துக் கேபிள் ஒயர் என்று நினைத்தேன். சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கு. ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதே, பாட்டுப் பிராக்டிஸை விட்டவள் சொல்கிறாள் என்று சிரிக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும், போன இடத்தில் நல்ல பேரோடும் நல்ல உடம்போடும் இரு. சின்னத் துப்பாக்கி, ஞாயிற்றுக்கிழமை, மறக்காதே.

உன்னைப் பெற்றவள்,
ஆஞ்சலா ரெமிஜியஸ்

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுவது: நான் இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் உன் டாடி அரிசி மூட்டையை நகர்த்தித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறார். சுவர் ஓரமாகக் கட்டை மேல் காலி பெயிண்ட் டப்பாவை வைத்துச் சுட்டாராம். ஒரே ஒரு குண்டுதான். கடைக்காரர் இனி அதை எடுக்க மாட்டார், அதனால் மேலே எழுதியதை விட்டுவிட்டு இப்படிச் சொல்: டாடி, அந்தப் பெரிய துப்பாக்கி உங்கள் தோளுக்குத்தான் எடுப்பு, அது உங்களுக்கே இருக்கட்டும், மம்மிக்கு அந்தச் சின்னதை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கேட்பார், இப்போது அவர் எதையும் மறுத்துப் பேசுகிற நிலையில் இல்லை. பெயிண்ட் டப்பா வைத்த இடத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை. உன் டாடி ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார், பிளம்பர் சாயங்காலப் பூசை முடிந்துதான் வருவாராம்.