காய்ச்சல் என்றால் போதும்

3 அக்டோபர் 1965, ஞாயிறு

சுபுஹு தொழுததும் முதல் வேலையாக ஆப்ப மாவில் தேங்காய்ப்பால் கலந்தேன். ஜமால் வருவான். என் தம்பி மகன். நோன்புப் பெருநாள் கழிந்தால் என் மருமகன். வந்தவன் பாதிப் படியில் நின்றுவிட்டான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சிரித்தான்.

"உங்க வீட்டுப் படி வளந்துட்டே போகுது மாமி."

உள்ளே என் மகள் சாயிராவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு இருபத்திரண்டு வயதுதான்.

14 அக்டோபர்

ஜூரோங் கப்பல் பட்டறையில் ஜமால் மயங்கி விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

17 அக்டோபர்

தம்பி மனைவி ரஷீதாவுக்கு ஆங்கிலம் வராது. டாக்டரிடம் பேச என்னை அழைத்துப் போனாள். ஜமாலின் இதயத் தசை தடித்திருக்கிறதாம். இரண்டு வழியில் வரலாம் என்றார். ஏதோ காய்ச்சலில் தசை அழன்று வீங்கியிருக்கலாம். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணியும். இல்லையென்றால் பரம்பரையாக வருவது. அது தணியாது. இவனுடைய தந்தை எப்படி இறந்தார் என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் ரஷீதா என் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லை அவளே சொன்னாள். "ஃபீவர், டாக்டர்."

18 அக்டோபர்

கஃபாருக்குக் காய்ச்சல் இல்லை. சிராங்கூன் சாலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான், விழுந்தான். அவ்வளவுதான் என் தம்பி. இரண்டு வருஷமாகிறது.

மையித்தை அறுத்துப் பார்ப்பார்களோ என்று எல்லோருக்கும் பயம். அஸர் தொழுகைக்குள் அடக்கம் செய்ய வேண்டும். ஒரு வாரமாகக் காய்ச்சல் என்று பெரியவர்கள் தெரிந்த டாக்டரிடம் சொன்னார்கள். அவர் நம்பினார். பிறகு நாங்களும் நம்பிவிட்டோம். தான் கஞ்சி வைத்துக் கொடுத்ததாகக்கூட ரஷீதா சொல்கிறாள்.

எங்களைப் பெற்ற அத்தா நாற்பது வயதில் கடையில் சரிந்தார். அதையும் காய்ச்சல் என்றே கேட்டு வளர்ந்தேன். அது எந்தக் காய்ச்சல்?

22 அக்டோபர்

ரஷீதா வந்தாள். "காய்ச்சல்தான்னு நீங்களும் சொல்லிடுங்க மதினி. காய்ச்சல்னா போயிடும். ரத்தத்துல இருக்குன்னா இவனுக்கு யார் பொண்ணு கொடுப்பா, நீங்களே கொடுப்பீங்களா?"

அவளுக்கு ஒரே பிள்ளை.

5 நவம்பர்

நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் உடனே என் நெஞ்சில் குழலை வைத்தார். உட்காரச் சொல்லி, எழச் சொல்லி, மறுபடி வைத்தார். ஈ.ஸி.ஜி. எடுத்து, ஜமாலுடையதை அதன் பக்கத்தில் விரித்துக் காட்டினார். இரண்டும் ஒரே பிள்ளை எழுதிய கையெழுத்துப் போல இருந்தன.

நாற்பத்தேழு வயதுவரை ஒன்றும் தெரியாமல் நான் படியேறுகிறேன். அவன் பாதியில் நிற்கிறான். ஏன் அப்படி என்று அவருக்கும் தெரியவில்லை. என் மகளுக்கும் இருக்கலாம், பார்க்க வேண்டும் என்றார். இருவருக்கும் இருந்து, அவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

6 நவம்பர்

யா அல்லாஹ், இந்தப் புள்ளைகிட்ட எப்படிச் சொல்லுவேன். தலையணை உறையில பூ தச்சிக்கிட்டிருக்கா. நான்தானே கொடுத்தேன் — எதைக் கொடுத்தேன்னு தெரியாமலே.

14 நவம்பர்

ஜமால் வீடு திரும்பிவிட்டான். பார்க்கப் போனேன். ரஷீதா தேநீர் போட உள்ளே போன நேரம், மெதுவாகச் சொன்னான்:

"அன்னைக்குக் காலைல அத்தா என்கூடப் பந்து விளையாடினாங்க மாமி. காய்ச்சக்காரங்க விளையாடுவாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவன் அழவில்லை. கல்யாணம் வேண்டாம், சாயிராவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். "அம்மாகிட்ட மட்டும் நான் சொல்ல முடியாது மாமி."

25 நவம்பர், வியாழன்

நாளை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தேதி குறிக்க ஆண்கள் நம் வீட்டில் கூடுகிறார்கள். காய்ச்சல் தணிந்துவிட்டது என்றே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர் ரோஜா சர்பத் வாங்கி வந்துவிட்டார். சாயிரா கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள்.

பெண்கள் திரைக்குப் பின்னால் நின்று கேட்பதுதான் வழக்கம். நாளை நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போவேன். ஜமாலின் பெயரை எடுக்க மாட்டேன். என் நெஞ்சில் நோய் இருக்கிறது, அது என் மகளுக்கும் இருக்கலாம், அவளுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்பேன். குறை பெண் வீட்டில்தான் என்று ஊர் பேசட்டும். ரஷீதாவின் பிள்ளையை நோக்கி யாரும் விரல் நீட்ட வேண்டாம்.

திங்கட்கிழமை சாயிராவை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இவர் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒன்று குறைகிறது என்கிறார். எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.