கார் றேடியோவுக்குக் காசு கட்டலாமா என்று கேட்ட மகளுக்கு

திருகோணமலை,
வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகள் மெலனிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தன் பாட்டில் இருக்கிறது. அங்கே நீயும் உன் புதுக் காரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறேன். காருக்காகச் செபம் சொல்வது சரியோ தெரியாது, ஆனால் நீ அதற்குள்தானே இருக்கிறாய். போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று யோசிப்பாய். போன் பிறிட்ஜுக்கு மேலே இருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும், எனக்குக் கேட்டால் அப்பாவுக்கும் கேட்கும், முன்வீட்டுக்காரருக்கும் கேட்கும். இந்த விஷயம் அப்பாவின் காதுக்குப் போகக் கூடாது. உன்னோடு படித்த கௌசிகா லீவு முடிந்து வியாழக்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறாள், அவளிடம் உனக்குக் கொஞ்சம் கருவாடும் வறுத்த மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன், போய் இறங்கியதும் தபாலில் போடுவாள். கடிதம் அந்தப் பார்சலுக்குள்தான் வருகிறது, மணத்தால் குறை நினையாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டாய். காரோடு சும்மா வந்த அந்தச் சற்றலைற் வானத்து றேடியோவின் இலவசக் காலம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, இனி மாதாமாதம் காசு கட்டினால்தான் பாடும், கட்டவா விடவா அம்மா என்று. நீ பேச்சுக்குக் கேட்டிருப்பாய். நான் அப்படி எடுக்கவில்லை, இரண்டு நாளாக விசாரித்தேன். எங்கள் குடும்பத்தில் றேடியோவுக்குக் காசு கட்டிய பழக்கம் இல்லை. அந்தக் காலத்தில் அரசாங்கம் லைசன்ஸ் கேட்டபோதுகூட, இன்ஸ்பெக்டர் தெருவில் வருகிறார் என்றால் றேடியோ அலுமாரிக்குள் சேலைகளுக்குக் கீழே போய்விடும். ஆனபடியால் என் ஒருத்தியின் புத்தியை நம்பக் கூடாது என்று, கௌசிகாவின் பயணத்தைப் பேச வந்த றிஸ்கானை மறித்துக் கேட்டேன். கிண்ணியா றிஸ்கான், உன்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்ட அதே வான்காரன். வானத்தால வாற பாட்டுக்கும் வாடகையா அன்ரி என்று முதலில் நன்றாகச் சிரித்தான். பிறகு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒழுங்காகக் கதைத்தான். ஹபறணைக் காட்டுக்குள் போனால் அவனுடைய றேடியோவும் கரகரக்குமாம், சில இடத்தில் போனும் எடுக்காதாம், எந்த நேரமும் யானை வருமாம். பாட்டு இல்லாட்டியும் பரவால்ல, ஒரு மனுசக் குரல் வேணும் அன்ரி, இல்லாட்டிக் கண் தானாச் சொருகும் என்றான். போன் வேலை செய்கிற இடம் வரைக்கும் அவன் பெண்சாதி நிப்லா போன் எடுத்து ஏசிக்கொண்டே வருவாளாம், ஏச்சைக் கேட்டுக்கொண்டு ஒருத்தருக்கும் நித்திரை வராதாம். போன் நின்ற இடத்தில் றேடியோவின் இரைச்சலையாவது பெரிதாகப் போட்டுவிடுவானாம். அவன் கார் றேடியோவைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான், எனக்கு அது போதுமாக இருந்தது.

ஏனென்றால் உன் றோட்டைப் பற்றி நீ சொன்னதை நான் மறக்கவில்லை. விடியப்புற இருட்டு, வளைவே இல்லாத றோட்டு, இரண்டு பக்கமும் கோதுமை வயல், ஒரு வயதுபோன சீவனுக்கு மருந்து கட்டிவிட்டு அடுத்த நோயாளியின் வீட்டுக்குப் போக ஒரு மணித்தியாலம். பாதி வழியில் பெரிய தானியக் களஞ்சியம் ஒன்று வரும், அதைத் தாண்டினால் அடுத்த ஊர் வரைக்கும் போன் செத்துவிடும், சாதாரண றேடியோவில் மாட்டு விலை மட்டும்தான் சொல்லுவார்கள் என்றாய். இந்த வானத்து றேடியோ அங்கேயும் நிற்காமல் கேட்குமாம். நூற்றுக்கு மேலே சனல் இருக்கிறதாம், ஒன்றில் நாள் முழுக்கச் சிரிப்புக் கதையாம். தமிழ் இல்லை என்றாய், மரண அறிவித்தலும் இல்லை என்றாய். மரண அறிவித்தல் சொல்லாத றேடியோவை எதற்காகக் கேட்பது என்று எனக்கு விளங்கவில்லை, அது உன் விருப்பம்.

இனி அப்பாவின் கதைக்கு வருகிறேன். அவர் கதைக்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். சீனன்குடா மாவு ஆலையில் மெஷின் சத்தத்துக்குள் அத்தனை வருடம் நின்றவர், கதைத்துப் பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் ஓம் என்ற ஒரு சொல்தான் வாயிலிருந்து வந்தது, அதுவும் தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்று கேட்டதற்கு. நாங்கள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டோம். இப்படிப்பட்டவரிடம்தான் நீ தவக்காலத்தில் வந்து மாட்டினாய். விபூதிப் புதனன்று, இந்த முறை இறைச்சியோடு கார் றேடியோவையும் விட்டு ஒறுத்தல் செய்யப் போகிறேன், அந்த நேரத்தில் வீட்டுக்குப் போன் எடுக்கிறேன் என்றாய். உனக்குக் காலை ஆறு என்றால் எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை, தவக்காலத்தில் அந்த நேரம் நான் கோயிலில். போனை எடுக்க அப்பாவை விட்டால் ஆள் இல்லை. முதல் சில நாள் அவர் ஓம் என்பதும் ம் என்பதுமாகத்தான் இருந்திருப்பார், உனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு ஒரு நாள், சொல்ல ஒன்றும் இல்லாமல் போனைக் கொண்டு கேற்றடிக்குப் போய், தெருவில் போவதை எல்லாம் அப்படியே உனக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். இன்னார் சைக்கிளில் போகிறார், இன்னாரின் பிள்ளை ரியூசனுக்குப் போகிறது என்று. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று வந்து என் செவ்வரத்தையைத் தின்றிருக்கிறது. அவர் துரத்தவில்லை. எத்தனை பூத் தின்றது, எந்தப் பக்கத்தால் தின்றது என்று உனக்குச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். நீ சிரித்தாயாம். கோயிலால் வந்த என்னிடம், பிள்ளை சிரிச்சவள் என்று இரண்டு தரம் சொன்னார். செவ்வரத்தைக்கு என்ன நடந்தது என்பதை நான் அடுத்த நாள்தான் கண்டுபிடித்தேன்.

அன்றிலிருந்து அவர் திரும்பவும் வேலைக்குப் போகிற ஆள் மாதிரி ஆகிவிட்டார். விடிய எழும்பி மீன் சந்தைக்குப் போவார், பாரை என்ன விலை சூரை என்ன விலை என்று எல்லாம் கேட்டுக்கொண்டு, மீன் வாங்காமல் வந்துவிடுவார். நான் குசினியில் சட்டியோடு நிற்பேன், அவர் விலையோடு வருவார். சீனன்குடாவுக்குக் கோதுமைக் கப்பல் வந்தால், அது உன் பக்கத்துக் கோதுமையா என்று ஆலையில் இன்னும் வேலை செய்கிறவர்களைப் பிடித்து விசாரிப்பார். பின்னேரம் சவரம் செய்து சேட்டுப் போட்டுக்கொண்டு இருப்பார். போனில் முகம் தெரியாது என்றேன், குரலில தெரியும் என்றார். ஒரு நாள் முழங்கால் நோவில் கோயிலால் வேளைக்கு வந்தேன், மதிலடியில் அவருடைய குரல் கேட்டது. கேற்றைத் திறந்தால் நிறுத்திவிடுவார் என்று திறக்காமல் வெளியிலேயே நின்றேன். மெலனி, கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனிதன் அவ்வளவு நேரம் நிறுத்தாமல் கதைத்து நான் கேட்டதில்லை. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, காலும் நொந்தது.

பிறகு உயிர்த்த ஞாயிறு வந்தது. நீ வாழ்த்துச் சொல்ல எடுத்தாய், போன் வழக்கம்போல பிறிட்ஜுக்கு மேலே, ஸ்பீக்கரில். அப்பா கோழிக்கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார். ஒருமாதிரித் தவக்காலம் முடிஞ்சுது அம்மா, இனி நிம்மதியா இறைச்சியும் தின்னலாம், றேடியோவும் போடலாம் என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்பா சட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். நீ போனை வைத்த பிறகு என்னிடம் கேட்டார், அப்ப நான்தானோ பிள்ளையின்ர ஒறுத்தல் என்று. இதென்ன கதை என்றேன். இறைச்சிக்குப் பதிலா மரக்கறி, றேடியோவுக்குப் பதிலா நான் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார். கோழிக்கறியைத் தொடவில்லை. அவர் கோபித்தால் நான் பதிலுக்குக் கோபித்திருப்பேன், அதுதான் எங்கள் வழக்கம், ஆனால் அவர் கோபிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஐந்தரை மணிக்கு முன்னமே சேட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடக்கப் போகிறார். போனை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறார். உடம்புக்கு நல்லதாம். ஞாயிற்றுக்கிழமையில் நீ அப்பா எங்கே என்று கேட்கிறபோதெல்லாம் நடக்கப் போய்விட்டார் என்று நான் சொன்னது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. சந்தையால் இப்போது ஒழுங்காக மீன் வருகிறது. எனக்கு இந்த மீன் வேண்டாம் மகள்.

நீ அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தவக்காலம் முடிந்தால் பங்குச் சுவாமியே நிம்மதியாக மூச்சு விடுவார். ஆனால் நான் சொல்லி அது அவருக்கு ஏறாது. நேற்று, பிள்ளை இப்படிக் கேட்கிறாள், றேடியோவுக்குக் கட்டவா வேண்டாமா என்று அவரிடமும் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லுவார், அதைச் சாட்டாக வைத்து நான் கதையைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். கட்டச் சொல்லு என்றார். அதில பழகின ஆக்கள் கதைப்பினம், நான் மானையும் மீனையும் விட்டா என்னத்தைச் சொல்லுறது என்றார். கொஞ்சம் பொறுத்து, பிள்ளை றோட்டில நித்திரையாப் போயிடக்கூடாது என்றார். எழும்பிப் போகும்போது, அதில மான் கதை ஒண்டும் வராது என்னப்பா என்றும் கேட்டார். வராது என்றேன். உடனே போய் வெங்காயம் உரித்தேன்.

ஆகவே நீ கேட்டதற்கு என் தீர்ப்பு, காசு கட்டு. அந்தக் களஞ்சியத்தைத் தாண்டிய பிறகு அந்த இருட்டில் உன்னோடு ஒரு குரல் வர வேண்டும், அது எந்தப் பாஷையில் கதைத்தாலும் சரி, மரண அறிவித்தல் சொல்லாவிட்டாலும் சரி. ஆனால் றேடியோக் கம்பனிக்காரர் கேட்ட விலைக்குக் கட்டாதே. அவர்கள் தினமும் போன் எடுக்கிறார்கள் என்று நீயே சொன்னாய், அப்படியென்றால் அவசரம் உனக்கு இல்லை, அவர்களுக்குத்தான். வேண்டாம் என்று சொல்லிப் போனை வை. சந்தையில் இரண்டடி நடந்தால் மீன்காரன் பின்னால் கூப்பிடுவான், கனடாவிலும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் உடனே திரும்பாதே, இன்னும் ஒரு அடி நட.

களஞ்சியம் வரைக்கும் உள்ள றோட்டுக்கு வீட்டுக்கு எடு. தினமும் முடியாவிட்டால் முடிந்த நாளில் எடு. தவக்காலத்தில் விட்டதைத் திரும்ப எடுக்கலாம், புதிதாகத் தொடங்கியதை விட்டுவிட வேண்டும் என்று திருச்சபை ஒரு இடத்திலும் சொல்லவில்லை. மன்னிப்பு விளக்கம் ஒன்றும் சொல்லாதே, அவர் கூச்சப்படுவார். இந்தக் கடிதம் கிடைத்தால், ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது பார்சல் வந்தது என்று எனக்குச் சொல், அடுத்த நாள் உன் காலை ஆறு மணிக்கு எடுத்து, அப்பா பாரை என்ன விலை என்று மட்டும் கேள். போன் அவர் கையில் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன், அன்றைக்கு அவருடைய சேட்டுகள் எல்லாம் தண்ணீரில் ஊறும்.

வேறென்ன, குளிர் போய்விட்டது என்று காதை மூடாமல் திரியாதே. காரில் ஏறமுன் சிலுவை அடையாளம் போடு, உன் றோட்டிலும் மான் வரும் என்றாய், மெதுவாகப் போ. கருவாட்டை யன்னலைத் திறந்துவைத்துப் பொரி, அக்கம்பக்கத்தார் பாவம். மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், போகிற வழியெல்லாம் காவல் சம்மனசு முன்னால் போகட்டும். எங்கள் இருவரின் ஆசீரும் முத்தமும்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
கிறிஸ்டின் பேணாட்.

பி.கு: கடிதத்தை ஒட்டமுன் ஒன்று. சற்று முன் அப்பா கேற்றடியால் வேகமாக உள்ளே வந்து, பிள்ளை எடுத்தாச் சொல்லவேணும் என்று தொடங்கினார், பிறகு நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் போய் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அந்த மான் குட்டியோடு நிற்கிறது. எனக்கு அவர் இன்னும் சொல்லவில்லை, உனக்கென்று வைத்திருக்கிறார். நீ எடுக்கிறபோது சொல்லுவார், முதல் தரம் கேட்கிற மாதிரிக் கேள்.