நாலு பக்கமும் அடைச்ச கொட்டில்

உரும்பிராய்,
1936 மார்கழி 12

பிள்ளையின்ரை அப்பாவுக்கு,

மலாயாவிலை நீங்கள் சுகமோ? இஞ்சை எங்கடை மூண்டு கன்றும் செத்துப்போச்சு. மூக்காலை சளி ஓடி, மூச்சு இழுத்து இழுத்துத்தான் போனதுகள்.

உங்கடை தம்பியின்ரை பெண்சாதி சிவக்கொழுந்து வந்து, "நல்ல வடிவான கன்றுகள்" எண்டவள். அடுத்த நாளே ஒண்டுக்கு இருமல். இனியும் அவளின்ரை கண் படக்கூடாதெண்டு கொட்டிலை நாலு பக்கமும் தென்னோலைக் கிடுகாலை இறுக்கி அடைச்சன். நாவூறு கழிய உள்ளுக்கை செத்தல் மிளகாயும் உப்பும் மூண்டு நேரமும் புகைச்சன். புகைக்கப் புகைக்க இருமல் கூடினது. அவ்வளவு பொல்லாத கண்!

மாட்டு வைத்தியர் வந்து, "கிடுகைப் பிரி பிள்ளை, காத்துப் படட்டும்" எண்டார். அவரும் அவளின்ரை ஊர்தானே, எனக்கு விளங்காதே?

அவளின்ரை கன்றுக்கும் இதே இருமல்தான் வந்தது. வெளியிலை மாமரத்தடியிலை கட்டி நிண்டது, இப்ப துள்ளித் திரியுது. என்ன செய்வினை செய்தாளோ!

நேற்று வேலிக்கு மேலாலை எங்கடை பிள்ளையைப் பார்த்துச் சிரிச்சவள். இண்டைக்குப் பிள்ளைக்கு இருமல். நீங்கள் யோசியாதேங்கோ. யன்னலெல்லாம் சாத்தி, இடுக்குகளுக்குச் சாக்கும் அடைச்சுப்போட்டன். இந்தக் கடிதத்தை ஒட்டிப்போட்டு, போய் மிளகாய் புகைக்கவேணும்.

உங்கடை வீட்டுக்காறி